கோட்டக்குப்பத்தான் ஆடு வாங்கிய கதை

1

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் ட்ரெய்லரோடு வந்து ஆடுகளை ஏற்றிக்கொள்வதாகப் பக்கத்து நிலத்துக்காரர் கிரேக் சொல்லியிருந்தார். பதினோரு பெட்டை, ஒரு கிடா. வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேலி ஓரமாகப் போனேன், வந்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். நாளைக்குப் போகப்போகிற ஆடுகளுக்கு எதற்குத் தொட்டியைக் கழுவுகிறேன் என்று பாதியில் கோபம் வந்தது. மீதியையும் கழுவினேன். சமையலறை ஜன்னலிலிருந்து சபீனா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பொண்ணக் கட்டிக் குடுக்கறப்பகூட நீங்க இவ்ளோ நடக்க மாட்டீங்க" என்றாள்.

ஊரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவில். பெர்த் நகரத்திலிருந்து கிழக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் வரும் ஒரு கோதுமை ஊர். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பள்ளிக்கூடம், ஒரு முதியோர் இல்லம், அவ்வளவுதான். அறுவடை மெஷின்களுக்கு நான் மெக்கானிக். என் மனைவி சபீனாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மகள் ரிஸ்வானா பதினொன்றாவது படிக்கிறாள். எங்களைத் தவிரத் தமிழ் பேச இந்தப் பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். அவரும் சிட்னிக்குப் போய்விட்டார். இப்போது நான் தமிழில் திட்ட வேண்டுமென்றால் ஆடுகளைத்தான் திட்ட வேண்டும்.

நல்ல ஆடுகள். நோய் நொடி கிடையாது, தொல்லை கிடையாது. அவற்றை விற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். சொந்த ஊரான கோட்டக்குப்பத்தில் இருக்கும் என்னைப் பெற்ற அத்தா ஐந்து மாதமாக என்னோடு பேசவில்லை. ஆட்டை விற்றால்தான் பேசுவேன் என்று என் தங்கச்சி ஜமீலாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார். எழுபத்தெட்டு வயது மனிதர். பேசாமல் போகிற ஒவ்வொரு மாதமும் எனக்கு நீளமாக இருந்தது, அவருக்கு மிச்சமிருக்கிற காலமோ குறைந்துகொண்டே வந்தது. எத்தனை நாளைக்குத்தான் வீம்பு பிடிப்பது?

2

இந்த நிலம் எங்கள் கைக்கு வந்ததே உப்பினால்தான்.

வீடு பார்க்கப் போனபோது புரோக்கர் அம்மா வீட்டை மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பின்னால் இருக்கிற நிலத்தின் பக்கம் எங்களைப் போகவே விடவில்லை. நானாகப் போய்ப் பார்த்தேன். பத்து ஏக்கருக்கு மேல் இருக்கும். அதில் பாதி வெள்ளை வெளேரென்று கிடந்தது. அந்தக் காலத்தில் மரங்களை வெட்டிவிட்டுக் கோதுமை போட்டிருக்கிறார்கள். மரம் போனதும் அடித்தண்ணீர் மேலே ஏறி, கூடவே உப்பும் ஏறிவிட்டது. இங்கே உப்புப் பூத்த நிலம் என்றால் செத்த நிலம். அதைப் பற்றிப் பேசும்போது விவசாயிகளின் குரலே தாழ்ந்துவிடும், வீட்டில் யாருக்கோ உடம்பு முடியாததுபோல.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்தா மரக்காணம் உப்பளத்தில் உப்பு லோடு ஏற்றி அனுப்பும் வியாபாரம் செய்தவர். பள்ளிக்கூட லீவில் அவர் மொபெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஈசிஆர் ரோட்டில் நானும் போவேன். அங்கே வெள்ளையாக நிலம் கிடந்தால் வேலை நடக்கிறது, நாலு பேர் வீட்டில் உலை கொதிக்கிறது என்று அர்த்தம். நிலம் வெள்ளையாக இல்லாவிட்டால்தான் கவலை. அந்தக் கண்ணோடு பார்த்தவனுக்கு இது செத்த நிலமாக எப்படித் தெரியும்? புரோக்கர் அம்மா நின்றுகொண்டிருக்கும்போதே குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு கலந்த உப்பு, ஊறுகாய்க்கு ஆகாது. சபீனா தலையில் அடித்துக்கொண்டாள். நான் அப்போதே மனதுக்குள் வாங்கிவிட்டேன். இந்த ஊரில் எல்லாரும் வேண்டாமென்று ஒதுக்கிய நிலத்தைக் காசு கொடுத்து வாங்க ஒரு மரக்காணத்து உப்பு தின்றவனால்தான் முடியும்.

போனில் சொன்னபோது அத்தாவுக்கு ஒரே சந்தோஷம்.

"வெள்ள எப்படிடா இருக்குது? பளபளன்னா, மண்ணு கலரா?"

"மண்ணு கலரு அத்தா."

"பரவால்ல. ரெண்டு தடவ வாருனா சரியாய்டும்" என்றார், நான் அங்கே பாத்தி கட்டப் போவதுபோல.

அந்த வெள்ளையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புதர் வளர்கிறது. இலையைக் கடித்தால் உப்பு. மரக்காணத்தில் கால்வாய் ஓரம் வளர்கிற உமரிக்கு இது சாச்சா மகன் முறை வேண்டும். இதைத் தின்று பிழைக்கக்கூடியது ஆடு ஒன்றுதான், நல்ல தண்ணீர் மட்டும் தாராளமாகக் காட்ட வேண்டும் என்று பக்கத்து நிலத்துக்கார கிரேக் சொன்னார். கிரேக் பரம்பரை விவசாயி. பேச ஆள் கிடைத்தால் டிராக்டரை ஆஃப் செய்துவிட்டு வருகிற மனிதர்.

இங்கே ஆடு என்றால் கம்பளி ஆடு. வருடத்துக்கு ஒருமுறை ரோமம் வெட்டியாக வேண்டும். வெட்டுகிற ஆட்கள் கூட்டமாக வருவார்கள். ஆயிரம், இரண்டாயிரம் ஆடு வைத்திருப்பவனிடம்தான் போவார்கள். ஒரு டஜன் ஆட்டுக்கு எவன் வருவான்? வெட்டாமல் விட்டாலோ ரோமம் கனத்து, நனைந்து, புழு வைத்துவிடும். அதனால்தான் தானாகவே ரோமம் உதிர்க்கிற ஒரு ஜாதியை கிரேக் எனக்குக் காட்டினார். டார்ப்பர் என்று பெயர். கறுப்புத் தலை, வெள்ளை உடம்பு. குளிர் முடிந்ததும் அவையே சட்டையைக் கழற்றிப் போட்டுவிடும். கழற்றி முடித்துவிட்டால் நம் ஊர் ஆடு மாதிரியே மொழுமொழுவென்று நிற்கும்.

"நீ ரெண்டு மாதம் ஊருக்குப் போனாலும் இவை உன்னைத் தேடாது" என்றார் கிரேக். நான் மயங்கியது அந்த வார்த்தைக்குத்தான்.

ஏனென்றால் இந்த வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் நாங்கள் அப்படிப் பார்த்துத்தான் வாங்கினோம். சோபா பழையது. கட்டில் கழற்றி மாட்டுகிற வகை. சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. எலுமிச்சைச் செடி வைக்கலாம் என்று சபீனா சொன்னபோது, காய்க்கிற வரைக்கும் நாம் இருக்கவா போகிறோம் என்று நான் எரிந்து விழுந்தேன். கிளம்பும்போது எதுவும் காலைப் பிடித்து இழுக்கக்கூடாது. அப்படிச் சொல்லிச் சொல்லியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஊருக்குப் போய் வந்தே ஆறு வருடமாகிறது.

ஒரு டஜன் ஆடு வைத்துக்கொள்ள இந்த நாட்டில் எத்தனை சட்டம் தெரியுமா? நிலத்துக்கு ஒரு நம்பர், எனக்கு ஒரு நம்பர், ஒவ்வொரு ஆட்டின் காதிலும் ஒரு பட்டை, பிறந்த வருடத்துக்கு ஏற்ற கலரில். பதிவு செய்யப் போன் போட்டபோது அந்தப் பெண் கேட்டாள், செம்மறியா வெள்ளாடா என்று. "ரெண்டும் ஒன்றுதானே?" என்றேன். நமக்கு ரெண்டும் ஆடு, தட்டில் விழுந்தால் ரெண்டும் மட்டன்.  அவள் ரொம்ப மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "வெளியே போய் வால் தொங்குகிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், காத்திருக்கிறேன்" என்றாள்.

3

ஊரில் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "கொஞ்சம் நெலம் வெச்சிருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கோட்டக்குப்பத்தில் பிறந்தவனுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் தெருக்களில் வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவில் இருப்பார். டிரைவர் விசா, சேல்ஸ்மேன் விசா என்று ஏஜென்ட் சொல்லி ஏற்றிவிடுவான். இறங்கினால் பாலைவனம், முந்நூறு ஆடு, பாஸ்போர்ட் முதலாளி கையில். அப்படி மாட்டியவர்களைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊரில் பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார்கள். "ஆடு மேய்க்கப் போய்ட்டான்" என்பதை யாரோ இறந்துபோன மவுத்துச் செய்திபோலத்தான் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

போன வசந்தத்தில் எங்கள் கிடா பாதி ரோமத்தை உதிர்த்துவிட்டு மீதியை இழுத்துக்கொண்டு திரிந்தது. பார்க்கக் கிழிந்த மெத்தை நடந்து வருவதுபோல இருக்கும். வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. நான் கராஜ் சட்டையோடு, ஈக்குப் பயந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மண்ணில் மண்டி போட்டு அந்த ரோமத்தைக் கையால் பிய்த்துக்கொண்டிருந்தேன். கிடா என்னைத் தள்ளியது. நான் விழுந்தேன். ரிஸ்வானா அதை வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி விட்டுவிட்டாள். அவள் தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அது கைமாறிக் கைமாறி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போய் இறங்கியபோது யாரும் சிரிக்கவில்லை.

ஜமீலா போன் செய்தாள்.

"அண்ணே, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"ஒங்கண்ணி இருக்கா. ஏன்?"

"கொஞ்சம் தனியா வா." குரலைத் தாழ்த்தினாள். "உண்மையச் சொல்லு. பாஸ்போர்ட்டு யார்கிட்ட இருக்குது?"

"பீரோல இருக்குது."

"யாரு பீரோல?"

"எம் பீரோலதான்டீ!"

"அப்ப ஏண்ணே சொறி புடிச்ச ஆட்டோட மண்ணுல கெடந்து பொரளுற? இங்க பாத்துட்டு நான் நாஷ்டாகூடப் பண்ணல."

"அது சொறி இல்ல. அந்த ஜாதி ஆடே அப்படித்தான். தானா உதிரும்."

"சரி, சரி. பக்கத்துல ஆளு வந்துட்டாங்களா? இருமிக் காட்டு, நான் புரிஞ்சுக்கறேன்."

மறுநாள் பெரியத்தா. அத்தாவின் அண்ணன். அவருக்குத் தெரியாத ஆள் இந்தியாவில் கிடையாது என்பது அவருடைய எண்ணம். "ஏம்பா, பயப்படாத. எம்பசில நமக்கு ஆளு இருக்குது. ஜமாத்துலயும் ஒரு வார்த்த போட்டு வெச்சிருக்கேன்" என்றார். நான் இந்த நாட்டுக் குடிமகன் பெரியத்தா, ஓட்டுகூடப் போடுகிறேன் என்று விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சிட்டிசனா இருந்தா எப்படிப்பா ஆடு மேய்க்கிற?" என்றார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்தேன். அத்தா போனை வாங்கியபோதுதான் சிரிப்பு நின்றது.

"இன்னாடா அது?"

"ஆடுங்க அத்தா. சும்மா, பொழுதுபோக்கா..."

"உன்ன யாரு அங்க கொண்டுபோய் வெச்சாங்க?"

"யாரும் வெக்கல. நானேதான் காசு குடுத்து வாங்குனேன்."

 "நீயேவா வாங்குன?" என்றார். கோபமாகக்கூட இல்லை. அதோடு போனை ஜமீலாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

4

ஒவ்வொரு ஜும்மாவும் தொழுகை முடிந்து அவர் வீடு திரும்புகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவேன். ஜமீலா எடுப்பாள். "அத்தா இப்பதான் கொல்லப்பக்கம் போனாரு" என்பாள். எங்கள் வீட்டில் கொல்லைப்பக்கமே கிடையாது. நோன்புப் பெருநாள் அன்று சலாம் சொல்லக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டாள். நான் சலாம் சொன்னேன். பதில் சொல்வது கடமை என்பதால் அவர் உதடு அசைந்ததாம். "சொல்லிட்டாரு அண்ணே, நான் பாத்தேன்" என்றாள். பெருநாள் பிரியாணியைத் தட்டில் வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

எனக்கும் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? நான் திருடினேனா, குடித்தேனா? கேட்டால் மானம் என்பார். அத்தா சவுதியில் ஒன்பது வருடம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எங்கள் தெருவில் அது பெரிய உத்தியோகம். சாவிக்கொத்து, ஏசி ரூம், கையெழுத்து என்று நானும் ஜமீலாவும் பள்ளிக்கூடத்தில் அளந்து விடுவோம். கம்பெனி லீவு தரவில்லை என்று ஒன்பது வருடமும் அவர் ஊருக்கு வரவே இல்லை. வந்தபோது எனக்குப் பத்து வயது, அவர் போகும்போது வயிற்றில் இருந்த ஜமீலாவுக்கு எட்டு. முதல் நாள் அவரை மாமா என்று கூப்பிட்டேன். ஸ்டோர் கீப்பர் மகன் ஆடு மேய்க்கிறான் என்று தெருவில் பேசினால் அவருக்குத் தலைகுனிவு, அதுதானே விஷயம் என்று சபீனாவிடம் கத்தினேன்.

"கத்தறத அங்க கத்துங்க. ஆட்டுக்கு முன்னாடி கத்துனா அதுங்க பாவம்" என்றாள்.

ரிஸ்வானா வீடியோவை அழித்துவிட்டாள். அவளுக்கு வருத்தம்தான். ஆனால் எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆடுகளை விற்கப்போகிறேன் என்று சொன்னபோது முகம் சிவந்துவிட்டது.

"டாட், தாத்தா ஃபோன்ல ஃபைவ் மினிட்ஸ் பேசுவாரு. நல்லா இருக்கியா, படிக்கிறியா, அவ்ளோதான். அந்த ஃபைவ் மினிட்ஸுக்காக ஷீப்ப விக்கறீங்களா?"

அடிக்கக் கை வந்தது, அடிக்கவில்லை. அவள் சொன்னது பொய் என்றால் அடித்திருப்பேன். அவளுக்குத் தாத்தா என்பவர் ஸ்பீக்கரில் வருகிற ஐந்து நிமிடக் குரல்தான். கடைசியாக அவரைப் பார்த்தபோது அவளுக்குப் பத்து வயது. அவர் அவளுக்கு நண்டு வாங்கி வந்து ஓடு உடைத்துக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது, அவளுக்கு இல்லை. அந்த ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டே இருந்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக கிரேக்குக்குப் போன் போட்டு, ஆடுகளை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன்.

5

கிரேக்குக்கு நம்பவே முடியவில்லை. வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஆட்டுக்கு ஏதாவது வியாதியா?"

"இல்லை. என் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை."

"அவர் இங்கே இருக்கிறாரா?"

"இந்தியாவில்."

அவர் ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நான் ஒருமுறை ஆடுகளை விற்றேன் என்பதற்காக என் அப்பா ரெண்டு வருடம் என்னோடு பேசவில்லை" என்றார். "உன் அப்பாவையும் என் அப்பாவையும் ஒரு அறையில் விட்டுப் பூட்டியிருக்க வேண்டும்."

சிரித்தோம். ஆனால் அவர் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கோடையின் கடைசியில் நிலம் முழுக்கக் காய்ந்துபோய், அந்தச் சாம்பல் புதர் ஒன்றுதான் பச்சை காட்டுகிறது. ஆடுகள் அதை மென்று மென்று, உப்பு ஏறி, தொட்டிக்கு வந்து மூச்சு விடாமல் குடிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில் மட்டும்தான் பதினோரு வருடமாக எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற மோட்டார் கொஞ்சம் நிற்கும். அதையும் விற்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வேன்? இருந்தாலும் அத்தாவின் குரல் வேண்டும். ரெண்டில் ஒன்றுதான் என்றால் அத்தாதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

6

சனிக்கிழமை காலையில் ஆடுகளை ஓட்டி வந்து பட்டியில் அடைத்தேன். போன் அடித்தது. ஜமீலாவின் நம்பர், வீடியோ. ஊரில் விடியற்காலை சுபுஹு தொழுது முடிக்கிற நேரம். இந்நேரத்தில் ஏன் என்று பதறிக்கொண்டு எடுத்தேன். திரையில் ஒரு நெற்றியும் தொப்பியும் மட்டும் தெரிந்தன. அத்தா.

"வித்துட்டியா?"

"இன்னும் செத்த நேரத்துல வந்து ஏத்திக்குவாங்க அத்தா."

"காட்டு."

போனைப் பட்டிப் பக்கம் திருப்பினேன். வெயிலில் ஆடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.  கிட்டப் போ என்றார், போனேன். இன்னும் கிட்ட என்றார்.

"அந்த ஓரத்துல நிக்கறது சினை."

"ஆமா அத்தா." எனக்கே அது கிரேக் சொல்லித்தான் தெரியும். "போன்ல பாத்து எப்படிச் சொல்றீங்க?"

அத்தா முகத்தைத் திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். இப்போது முழு முகமும் தெரிந்தது. போன தடவை பார்த்ததைவிட இளைத்திருந்தார்.

"சவுதில ஸ்டோருலாம் ஒண்ணும் இல்லடா" என்றார். "ஆடுதான். ஒம்போது வருஷமும்."

படம் ஒரேயடியாகக் கூரைக்குப் போனது, மறுபடி அவர் முகத்துக்கு வந்தது. போனைப் பிடித்திருந்தது ஜமீலா. அவளுக்கும் அப்போதுதான் தெரிகிறது.

"உங்கம்மாவுக்கு மட்டும் தெரியும்" என்றார். அம்மா மவுத்தாகிப் பதினான்கு வருடம். "புள்ளைங்களுக்குச் சொல்லாதன்னேன். சொல்லாமலே போய்ட்டா."

"அத்தா..." என்றேன். 

"அத விடு. நீ ராத்திரில எங்க படுக்குற?"

"வீட்லதான் அத்தா."

"ஆட்டோட இல்லையே?"

"இல்ல அத்தா."

"காட்டு."

போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். கட்டிலைக் காட்டினேன். தலையணையைக் காட்டச் சொன்னார். கதவு இருக்கிறதா என்றார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்றார். உள்பக்கம் என்றேன். அதையும் காட்டச் சொன்னார். போட்டு எடுத்துக் காட்டினேன். அறைக்குள் நின்றுகொண்டு ஒரு நாற்பத்தைந்து வயது ஆள் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருப்பதை ரிஸ்வானா வாசலில் நின்று பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சபீனா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்து சலாம் சொன்னாள். அத்தா பதில் சொன்னார், சத்தமாக.

"நேரத்துக்குச் சாப்பாடு குடுக்கறாங்களாம்மா?"

"நான்தான மாமா குடுக்கறேன்" என்றாள் சபீனா. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"ஆமா ஆமா. நீதான்." அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "தண்ணி?"

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். இந்த வறண்ட ஊரில் யாரும் குழாயைச் சும்மா ஓட விட மாட்டார்கள், சபீனா நான் பல் தேய்க்கும்போதே வந்து மூடுகிறவள். அன்று அவள் கை நீட்டவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போதும். மூடு" என்றார். "நீயா வாங்குனேன்னு சொன்னப்ப எனக்குப் புரியலடா. எவனாச்சும் காசு குடுத்து அதப் போய் வாங்குவானான்னு இருந்துச்சு. யாரோ பக்கத்துல நின்னு உன்ன அப்படிச் சொல்லச் சொல்றாங்கன்னு நெனச்சேன். சவுதில இருந்தப்ப நானும் அப்படித்தான் சொல்லிகிட்டிருந்தேன். உன்னோடதா இருந்தாத்தான விக்க முடியும், அதான் விக்கச் சொன்னேன்."

"அத்தா, சத்தியமா இல்ல..."

"சரி. ஆடு இருக்கட்டும். விக்காத. அந்தச் சினையாட்ட வெயில்ல நிறுத்தாத."

ஐந்து மாதத்துப் பாரம் இறங்கியது. அழுகையும் சிரிப்புமாக நின்றேன். அத்தா போனை வைக்கவில்லை.

"ஏம்பா, நீ ஊருக்குக் கெளம்பறதுன்னா யார்கிட்டயாச்சும் கேக்கணுமா?"

"யாரையும் கேக்க வேணாம் அத்தா. லீவு சொன்னாப் போதும்."

"பாஸ்போர்ட்டு உங்கிட்டதான் இருக்குது."

"எங்கிட்டதான்."

"அப்ப ஏண்டா வரல?"

அறுவடை, லீவு, ரிஸ்வானாவின் பரீட்சை, டிக்கெட் என்று ஆறு வருடமாகக் கைவசம் வைத்திருந்த பதில்கள் எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தன. 

"அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன் அத்தா" என்றேன்.

அத்தா சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது!

"ஒம்போது வருஷமும் உங்கம்மாவுக்கு நான் அதத்தான்டா எழுதுனேன்."

வெளியே கிரேக்கின் வண்டி வந்து நின்றது. போய் ட்ரெய்லரைத் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். வருகிற மாதம் முழுக்க ஆடுகளுக்குத் தண்ணீர் மட்டும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.